கேட்கத் தெரிந்த பிள்ளை கரை சேரும்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன் வீடு திருவிழாக் கோலம் பூணுகிறது. உறவினர்களுக்குத் தொலைபேசி அழைப்பு பறக்கிறது. கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. தலையணை, வாளி, சின்ன மின்விசிறி, ஊறுகாய் போத்தல் என்று ஒவ்வொன்றாய் வாங்கிச் சேர்த்து, பதிவு நாளன்று பிள்ளையை விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் பெற்றோர் வீடு திரும்புகின்றனர். "அப்பாடா, பிள்ளை கரையேறிவிட்டது" என்பது அவர்களின் நிம்மதிப் பெருமூச்சு.

உண்மையில் பிள்ளை அன்றுதான் ஆற்றில் இறங்குகிறது.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் தேர்வுகளில் நல்ல புள்ளிகள் வாங்கியவர்களே முதல் தவணையில் தடுமாறிப் போவதைப் பார்க்கிறோம். ஓரிரு பாடங்களில் தோல்வி, பிறகு வகுப்புக்குப் போகத் தயக்கம், பிறகு வீட்டுக்கு உண்மையைச் சொல்ல அச்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கிறது. கடைசியில் பிள்ளை பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் பெற்றோருக்குச் செய்தியே தெரிகிறது. வாங்கிய கல்விக் கடன் மட்டும் பெயரில் நிற்கிறது.

இவர்களுக்கு அறிவு குறைவா? இல்லை. அறிவு குறைந்தவர் அந்த வாசலுக்கே போயிருக்க முடியாது. அப்படியானால் எங்கே தவறுகிறது?

விரட்டுவதற்கு ஆள் இல்லாத இடம்

பள்ளிக்கூடத்தில் மாணவரைச் சுற்றி ஓர் வேலி இருந்தது. வராவிட்டால் ஆசிரியர் விசாரிப்பார். வீட்டுப் பாடம் செய்யாவிட்டால் நிற்க வைப்பார். புள்ளி குறைந்தால் பெற்றோரை அழைத்துப் பேசுவார். மாலையில் டியூஷன் ஆசிரியர் மீண்டும் ஒருமுறை சொல்லிக் கொடுப்பார். இரவில் அம்மா, "படிச்சிட்டியா?" என்று கேட்பார். இத்தனை பேர் சேர்ந்து இழுத்ததில் தேர் நகர்ந்தது.

பல்கலைக்கழகத்தில் அந்த வேலி இல்லை. இருநூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தில் ஒருவர் வரவில்லை என்பது விரிவுரையாளரின் கண்ணுக்குத் தெரியாது. இடுபணியைச் சமர்ப்பிக்காதவரை யாரும் தேடிக்கொண்டு வரமாட்டார்கள். அந்த இடத்தில் பூஜ்யம் விழும், அவ்வளவுதான். விதிமுறைகள் எல்லாம் மாணவர் கையேட்டிலும் இணையத்தளத்திலும் எழுதப்பட்டிருக்கும். படித்துத் தெரிந்துகொள்வது மாணவரின் பொறுப்பு.

விரிவுரையாளர்கள் ஈரமில்லாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மாணவர் பெரியவராகிவிட்டார், தேவைப்பட்டால் அவரே வந்து கேட்பார் என்ற எண்ணத்தில் அந்த இடம் அமைக்கப்பட்டிருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்ற பழமொழி பல்கலைக்கழகத்துக்கு அப்படியே பொருந்தும். உதவி ஏராளமாக உண்டு. ஆனால் கேட்டவருக்கு மட்டுமே உண்டு.

நம் பிள்ளைகளில் பலருக்கு இங்கேதான் சிக்கல். "பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே", "தெரியலைன்னா சும்மா இரு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வகுப்பில் கையுயர்த்தினால் மற்றவர்கள் சிரிப்பார்களோ, தன்னுடைய மலாயும் ஆங்கிலமும் பிழையாக இருக்குமோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் அடக்கம் என்று பாராட்டப்பட்ட மௌனம் பல்கலைக்கழகத்தில் அவர்களைத் தண்ணீருக்குள் இழுக்கும் கல்லாகிவிடுகிறது.

காலியான அட்டவணையின் கணக்கு

புதுமுக மாணவரின் கால அட்டவணையைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலியாகத் தெரியும். பள்ளியில் காலை முதல் மதியம் வரை இடைவெளியின்றி உட்கார்ந்தவருக்கு அது பெரிய விடுதலை. திங்கட்கிழமை ஒரு வகுப்பு, செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் ஒன்றுமில்லை. நேரம் நிறைய இருக்கிறது என்ற மயக்கம் வந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் காலி இடத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மலேசிய உயர்கல்விக் கூடங்களில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கிறது. விரிவுரை, துணை வகுப்பு, இடுபணி, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அந்த 40 மணி நேரத்துக்குள் அடக்கம். 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஒரு தவணைக்கு இத்தகைய ஐந்து பாடங்கள் எடுத்தால் 15 கிரெடிட், அதாவது 600 மணி நேரம்.

இதில் வகுப்பறையில் கழிவது எவ்வளவு? ஒரு பாடத்துக்கு வாரம் 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பாடங்களுக்கு 15 மணி நேரம். பொதுவாக விரிவுரைகள் 14 வாரங்கள் நடக்கும். ஆக மொத்தம் 210 மணி நேரம். எஞ்சிய 390 மணி நேரத்தை மாணவர் தாமாகவே படித்துத் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தே பாடம் வரையப்பட்டிருக்கிறது. அதை 14 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 28 மணி நேரம் வருகிறது. தேர்வுக்கு முந்திய வாசிப்பு விடுமுறையையும் சேர்த்துக்கொண்டால் சற்றுக் குறையும். எப்படிப் பார்த்தாலும் வகுப்பில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படிப்பு வேண்டும்.

எனவே அட்டவணையின் காலி இடம் ஓய்வு நேரமல்ல. பாடத்தின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட மாணவர், புதன்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை நூலகம், இன்ன பாடம் என்று தாமே அந்த இடங்களை நிரப்பிவிடுகிறார். தெரியாதவர் அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டு கைப்பேசியைத் தடவுகிறார். இருவருக்கும் உள்ள வேறுபாடு ஏழாவது எட்டாவது வாரத்தில், இடைத் தேர்வும் மூன்று இடுபணிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது வெளுத்துவிடும்.

வருகையைப் பற்றியும் ஒரு சொல். 80 விழுக்காட்டு வருகை இல்லாதவரை இறுதித் தேர்வு எழுத விடுவதில்லை என்ற விதி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. வாரம் ஒருமுறை நடக்கும் பாடமானால் 14 வகுப்பில் 12க்குப் போயாக வேண்டும். காரணமின்றி மூன்று முறை தவறினால் ஆபத்து. வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் தவணையின் எடை

"முதல் தவணைதானே, பிறகு பிடித்துக்கொள்ளலாம்" என்று சீனியர் மாணவர்கள் சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. இது பாதி உண்மை.

பட்டப் படிப்பின் முடிவை நிர்ணயிப்பது சி.ஜி.பி.ஏ. என்ற ஒட்டுமொத்தத் தரப்புள்ளி. முதல் தவணை முதல் கடைசித் தவணை வரை எடுத்த எல்லாப் பாடங்களின் சராசரி அது. உயர்ந்த அளவு 4.00. பொதுவாக 2.00க்குக் கீழே போனால் நன்னிலை பறிபோய், எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறும். தொடர்ந்து அந்த நிலையிலேயே இருப்பவர் படிப்பிலிருந்து நீக்கப்படலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவர் எட்டுத் தவணைகளில் தவணைக்கு 15 கிரெடிட் வீதம் 120 கிரெடிட் படிக்கிறார். முதல் தவணையில் அவருக்கு 1.80 வருகிறது. இறுதியில் 3.00 பெற வேண்டுமானால், எஞ்சிய ஏழு தவணைகளிலும் சராசரியாக 3.17 எடுக்க வேண்டும். உழைத்தால் முடியும். அதே மாணவர் 3.70 பெற நினைத்தால், ஏழு தவணைகளிலும் சராசரி 3.97 வேண்டும். அதாவது ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் ஏ. முதல் தவணையில் 3.20 எடுத்திருந்தால் இந்தத் தேவை 3.77 ஆகக் குறைந்திருக்கும்.

ஆக, முதல் தவணையில் விழுந்தவர் எழ முடியும். இரண்டாம் தவணையில் 2.50 எடுத்தாலே 1.80 என்பது 2.15க்கு ஏறிவிடும். எழுவது எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு செங்குத்தாகிறது மேடு. அதனால்தான் மூன்றாம் வாரத்தில் புரியாததை மூன்றாம் வாரத்திலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

பாடம் சேர்க்கவும் நீக்கவும் தவணைத் தொடக்கத்தில் குறுகிய அவகாசம் தருவார்கள். அதன் பிறகும் ஒரு குறிப்பிட்ட வாரம் வரை பாடத்தை விட்டு விலக முடியும். உடல்நலம் கெட்டால், மருத்துவர் சான்றோடு தவணையை ஒத்திவைக்கவும் வழியுண்டு. இந்தக் கதவுகள் எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு இருக்கிறது. நாள் கடந்த பிறகு கதவைத் தட்டிப் பயனில்லை.

படித்தும் நினைவில் நிற்கவில்லையே!

"விடிய விடியப் படித்தேன், தேர்வு மண்டபத்தில் ஒன்றும் வரவில்லை" என்று புலம்பும் புதுமுக மாணவர்கள் பலர். பள்ளியில் கைகொடுத்த முறை இங்கே கைவிட்டுவிடுகிறது. குறிப்பை மீண்டும் மீண்டும் வாசிப்பதும், பச்சையும் மஞ்சளுமாகக் கோடிடுவதும் படித்த நிறைவைத் தரும். ஆனால் அந்த நிறைவு ஏமாற்றக்கூடியது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் உள்ளதை மூன்று முறை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. விரிவுரை முடிந்த அன்றே குறிப்பை மூடிவைத்து, "இன்று என்ன சொன்னார்?" என்று தமக்குத் தாமே எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியாத இடம்தான் புரியாத இடம். அடுத்த துணை வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். கேட்பதற்கு என்ன கேள்வி என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழியில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு குறுக்கு வழியும் மாணவர்களின் கைக்குள் வந்துவிட்டது. இடுபணியைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதி வாங்கி, அப்படியே சமர்ப்பிப்பவர் இரண்டு விதத்தில் இழக்கிறார். பிடிபட்டால் கல்வி நேர்மைக் குற்றம். பிடிபடாவிட்டாலும் தேர்வு மண்டபத்தில் கருவி உடன் வராது. ஐயம் தீர்த்துக்கொள்ள அதைப் பயன்படுத்தலாமா, எந்த அளவுக்கு என்பது பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. இதையும் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பு.

மொழி என்ற மலை

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்தவர், இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறார். பல்கலைக்கழகத்துக்கு வந்தால் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். ஒரு பத்தியைப் படிக்க அரை மணி நேரம் ஆகும்போது மனம் சோர்ந்துவிடுகிறது. "நான் இந்த இடத்துக்குத் தகுதியில்லாதவன்" என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. இந்த மலையை அவர்கள் முன்பே ஒருமுறை ஏறியவர்கள். பதின்மூன்று வயதில் மலாய்மொழி வகுப்பில் திருதிருவென விழித்து, சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர்ந்து, பிறகு அதே மொழியில் எஸ்.பி.எம். எழுதித் தேறியவர்கள்தான் அவர்கள். அன்று எப்படி மொழி வசப்பட்டது? பேசிப் பேசி, பிழைவிட்டுப் பிழைவிட்டு வசப்பட்டது. இன்றும் வேறு வழியில்லை. துறைச் சொற்களுக்கு ஒரு சின்னக் குறிப்பேடு, நாளுக்குப் பத்துச் சொல், வாரத்துக்கு ஒரு கேள்வியாவது ஆங்கிலத்தில் கேட்பது என்று தொடங்கினால், 14 வாரங்களில் வேறுபாடு தெரியும்.

அறையில் தனிமை

மலேசியாவின் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் நாடு முழுதும் பரவிக் கிடக்கின்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சரவாக்கின் கோத்தா சமரஹானில் இடம் கிடைக்கலாம். கிள்ளானில் வளர்ந்தவர் தாய்லாந்து எல்லைக்கு அருகில் உள்ள சிந்தோக்குக்குப் போகலாம். பக்கத்துக் கட்டிலில் கிளந்தானிலிருந்தோ சபாவிலிருந்தோ வந்த ஒருவர். சைவ உணவு கிடைப்பது அரிது. பல விடுதிகளில் அறைக்குள் சமைக்க அனுமதியில்லை. தீபாவளிக்கு முதல் நாள்கூட வகுப்பு இருக்கும்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் புதுமையாக இருக்கும். அதன் பிறகுதான் வீட்டு நினைவு வாட்டும். வேற்றிடத்தில் வாழப் போகிறவர்களின் மனநிலையை மானிடவியலாளர் கலெர்வோ ஒபெர்க் 1960இல் நான்கு கட்டங்களாகப் பிரித்தார். முதலில் மயக்கம், அடுத்து வெறுப்பும் சோர்வும், பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் இயல்பாதல். வெளிநாட்டில் வாழ்பவர்களைப் பற்றி அவர் எழுதியது விடுதி வாழ்க்கைக்கும் நன்றாகவே பொருந்துகிறது. மூன்றாம் நான்காம் வாரத்தில் "திரும்பிப் போய்விடலாமா?" என்று தோன்றுவது கோழைத்தனமல்ல. பலர் கடந்து போகும் ஒரு கட்டம் அது. அந்த வாரத்தில் வாழ்நாள் முடிவு எதையும் எடுக்காமல் இருப்பதே அறிவுடைமை.

மாணவர்கள் ஏன் பாதியில் படிப்பை விடுகின்றனர் என்பதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வின்சன்ட் டின்டோ, 1975இல் ஒரு விளக்கம் தந்தார். புள்ளி மட்டும் அதை முடிவு செய்வதில்லை. படிப்போடும் மனிதர்களோடும் மாணவர் எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்பதே முக்கியம் என்பது அவர் கருத்து. ஒட்டாதவர் ஓரத்துக்கு ஒதுங்குகிறார். ஓரத்தில் இருப்பவர் எளிதில் வெளியே விழுகிறார்.

இந்த இடத்தில் தமிழ் மாணவர் அமைப்புகள் பெரும் துணை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையைப் போல மற்ற பல்கலைக்கழகங்களிலும் தமிழ், இந்து, இந்தியர் பண்பாட்டு அமைப்புகள் இயங்குகின்றன. பழைய நூல்களும் பழைய தேர்வுத் தாள்களும் கைமாறுவது அங்கேதான். எந்தக் கடையில் தோசை கிடைக்கும் என்பதும் அங்கேதான் தெரியும். ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது. பல்லினக் குழுவில் இடுபணி செய்யவும், ஒரு விளையாட்டிலோ மன்றத்திலோ சேரவும் வேண்டும். நாளை வேலையிடத்தில் பக்கத்தில் அமரப் போகிறவர் அந்தக் குழுவில் இருக்கிறார்.

அமைப்பு நிகழ்ச்சிகளே படிப்பை விழுங்கிவிடுவதும் உண்டு. இரவு இரண்டு மணி வரை மேடை அலங்காரம் செய்துவிட்டுக் காலை எட்டு மணி விரிவுரையில் தூங்குபவர், எதற்கு வந்தோம் என்பதை மறந்தவர். முதல் தவணையில் ஒரே ஒரு பொறுப்பு போதும். பகடிவதை எந்தப் பெயரில் வந்தாலும், "நம்ம சீனியர்தானே" என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அதை மாணவர் விவகாரப் பிரிவிடம் புகார் செய்யும் உரிமை முதல் நாளிலிருந்தே உண்டு.

பணம்

1997இல் தொடங்கப்பட்ட பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் படிப்பின் வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அது தவணைக்கு ஒருமுறை மொத்தமாக வரும் பணம். வாழ்நாளில் முதன்முறையாக ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கணக்கில் பார்க்கும் பதினெட்டு வயதுக்காரர், புதுக் கைப்பேசி வாங்கினால் பத்தாம் வாரத்தில் மெகி மட்டும் சாப்பிட வேண்டியதுதான்.

கட்டணம் போக 2,000 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் 100 வெள்ளி. அந்த 100 வெள்ளியை ஞாயிற்றுக்கிழமை எடுத்து, அடுத்த ஞாயிறு வரை அதற்குள் வாழப் பழகினால் போதும். கடன் முதலில் கைக்கு வரத் தாமதமாகலாம். பதிவு நாளுக்கு முன்பே முதல் மாதச் செலவுக்கு வீட்டில் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

"உன் வங்கி அட்டையைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் சில நூறு தருகிறேன்" என்று கேட்பவரிடமிருந்து விலகி ஓட வேண்டும். மோசடிக் கும்பல்கள் பணத்தைக் கடத்த மாணவர்களின் கணக்கைத் தேடுகின்றன. போலீஸ் தேடி வரும்போது அட்டையில் இருக்கும் பெயர் மாணவருடையது.

யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள் என்று சொல்வது எளிது. எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பவர் குறைவு.

ஒவ்வொரு மாணவருக்கும் கல்வி ஆலோசகர் ஒருவர் நியமிக்கப்படுவது வழக்கம். பெரும்பாலோர் பாரத்தில் கையெழுத்து வாங்க மட்டுமே அவரைப் பார்க்கின்றனர். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை அவரைச் சென்று கண்டு, பெயரையும் ஊரையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால், பிறகு சிக்கல் வரும்போது கதவைத் தட்டக் கை நடுங்காது.

பள்ளியில் எல்லாரையும் "சிக்கு" என்று அழைத்துப் பழகியவர்கள், இங்கே "டாக்டர்", "பேராசிரியர்", "புவான்", "என்சிக்" என்று அவரவர் நிலையறிந்து அழைக்க வேண்டும். மின்னஞ்சலில் பெயர், பதிவு எண், பாடம், எந்த நாள் வகுப்பு என்பதை முதலிலேயே குறிப்பிட வேண்டும். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று எழுதினால் அவரால் உதவ முடியாது. "ஐந்தாம் வார விரிவுரையில் மூன்றாவது சூத்திரம் வரை புரிந்தது, நான்காவதுக்கு எப்படி வந்தீர்கள் என்பது புரியவில்லை" என்று எழுதினால் அவருக்கும் மகிழ்ச்சி. முயன்றுவிட்டு வந்த மாணவரை விரட்டும் விரிவுரையாளர் மிகக் குறைவு.

பணச் சிக்கலுக்கு மாணவர் விவகாரப் பிரிவு. அறைச் சிக்கலுக்கு விடுதி நிர்வாகம். நூல் தேடத் தெரியாவிட்டால் நூலகர். மனம் தாங்க முடியாமல் போனால் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவு. அங்கே கட்டணமில்லை, சொன்னது வெளியே போகாது. நள்ளிரவில் யாருமே இல்லை என்று தோன்றினால், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் உண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஒவ்வொரு நாளும் அம்மா அழைக்கிறார். "சாப்பிட்டியாய்யா?" "சாப்பிட்டேம்மா." "நல்லா படிக்கிறியா?" "ம்." உரையாடல் முடிந்தது. அன்பு குறையவில்லை. ஆனால் கேட்ட கேள்வியில் உண்மை நுழைவதற்கு இடமே இல்லை.

"இந்த வாரம் எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது?", "யாரிடம் கேட்டாய்?", "பக்கத்துக் கட்டில் பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டால் பேச்சு நீளும். பெற்றோர் படிக்காதவராக இருந்தாலும் இதைக் கேட்க முடியும். பாடம் புரியத் தேவையில்லை, பிள்ளையைப் புரிந்தால் போதும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பதிவு நாளுக்கு முன்பே பிள்ளையிடம் இப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும்: "ஒரு பாடத்தில் தோற்றாலும் வீட்டில் சொல். திட்ட மாட்டோம். என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்." மானம் போய்விடும், உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மூன்றாம் வாரத்துச் சிக்கலைப் பதினெட்டாம் வாரம் வரை மறைத்து வைக்கும். மூன்றாம் வாரத்தில் அது ஒரு பாடத்தின் சிக்கல். பதினெட்டாம் வாரத்தில் அது ஒரு படிப்பின் முடிவு.

அடிக்கடி ஊருக்கு வரச் சொல்வதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் வீட்டுக்கு ஓடி வருபவருக்கு விடுதி கடைசி வரை தங்குமிடமாகவே இருக்கும், தன்னிடமாக மாறாது. அதே நேரத்தில் பிள்ளையின் குரல் மாறினால், அழைப்பை எடுக்காமல் தவிர்த்தால், பணம் அடிக்கடி கேட்டால், காத்திருக்காமல் நேரில் போய்ப் பார்ப்பதே பெற்றோரின் கடமை.

முதல் 14 வாரங்கள்

பல்கலைக்கழகம் திறமைசாலிகளைத் தேர்ந்தெடுத்து உள்ளே விடுகிறது. உள்ளே வந்தவர்களில் நிலைப்பவர்கள் எப்போதும் மிகத் திறமையானவர்களாக இருப்பதில்லை. புரியாததைப் புரியவில்லை என்று உரிய நேரத்தில் சொல்லத் துணிந்தவர்கள் நிலைக்கிறார்கள்.

முதல் வாரத்தில் ஒரு கேள்வி கேட்கும் மாணவருக்கு இரண்டாம் வாரத்தில் இரண்டு கேட்கக் கூச்சம் இருக்காது. ஐந்தாம் வாரத்தில் விரிவுரையாளருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். பத்தாம் வாரத்தில் மற்ற மாணவர்கள் அவரிடம் வந்து கேட்பார்கள். 14 வாரம் முடியும்போது அந்த இடம் அவருக்குச் சொந்தமாகியிருக்கும்.

ஆற்றில் இறங்கிய பிள்ளைக்கு நீந்தத் தெரிய வேண்டும் என்பது சரி. கை சோரும்போது குரல் கொடுக்கவும் தெரிய வேண்டும். கரையில் கயிறோடு நிற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி குரல் கொடுக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவது, தலையணையும் ஊறுகாய் போத்தலும் கட்டிக் கொடுப்பதைவிடப் பெரிய சீர்.